ஸ்லாட் இயந்திரம்

ஸ்லாட் இயந்திரம் என்பது, காசையோ அதற்கு ஈடான வேறொன்றையோ பந்தயமாகப் பெற்றுக்கொண்டு, சுழலும் உருளைகளில் தோன்றும் குறிகளின் சேர்க்கையைப் பொறுத்துப் பரிசு வழங்கும் சூதாட்டப் பொறியாகும். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உருவான இப்பொறி, தொடக்கத்தில் சுருள்வில்களாலும் பற்சக்கரங்களாலும் மட்டுமே இயங்கியது. இன்றைய பொறிகளில் ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிப்பது கணினி நிரல் ஆகும். உருளைகள் அம்முடிவைக் காட்டும் காட்சிப்பலகையாக மட்டுமே பயன்படுகின்றன. இதனால், ஆட்டக்காரர் கண்ணால் கண்டு கணிக்கும் வாய்ப்பும் பொறியினுள் உள்ள உண்மையான வாய்ப்பும் ஒன்றாக இருப்பதில்லை.

பெயர்

ஆங்கிலத்தில் ஸ்லாட் என்னும் சொல் ஒடுங்கிய துளை, பிளவு என்னும் பொருள் தருவது. பொறியில் காசு போடுவதற்கு இருந்த பிளவே இப்பெயருக்குக் காரணம். தொடக்கத்தில் இப்பெயர் சூதாட்டத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. காசு போட்டால் அஞ்சலட்டை, மிட்டாய், சூயிங்கம் போன்றவற்றைத் தரும் தானியங்கி விற்பனைப் பொறிகளும் ஸ்லாட் இயந்திரம் என்றே அழைக்கப்பட்டன. பிரித்தானிய ஆங்கிலத்தில் இப்பொருள் பின்னரும் நிலைத்தது.

நாடுகளைப் பொறுத்துப் பெயர்கள் வேறுபடுகின்றன. பிரித்தானியாவில் பழ இயந்திரம் என்னும் பொருளில் புரூட் மெசின் என்றும், ஆஸ்திரேலியாவில் போக்கி என்றும், சிங்கப்பூரில் ஜாக்பாட் இயந்திரம் என்றும் வழங்குகின்றன. பக்கவாட்டில் இருந்த ஒரே கைப்பிடியையும், அது ஆட்டக்காரரின் பணப்பையைக் காலியாக்குவதையும் குறித்து, ஒற்றைக்கைக் கொள்ளையன் என்னும் பட்டப்பெயரும் ஆங்கிலத்தில் உண்டு.

வரலாறு

காசின் எடையால் இயங்கும் பொறி மிகப் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோன் என்னும் அறிஞர், கோயில்களில் நீர் வழங்கும் இத்தகைய பொறியொன்றை விவரித்துள்ளார். பிளவின் வழியே விழும் காசு நெம்புகோலின் ஒரு முனையிலுள்ள தட்டில் தங்கும். அதன் எடையால் நெம்புகோல் சாய, அடைப்பு திறந்து நீர் வரும். தட்டிலிருந்து காசு வழுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும்.

சூதாட்டப் பொறிகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுவது, 1891 இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சிட்மன், பிட் என்போரின் நிறுவனம் உருவாக்கிய பொறியாகும். அதில் 5 உருளைகளில் 50 சீட்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. ஐந்து சென்ட் காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்து, போக்கர் ஆட்டத்தில் போலச் சீட்டுகள் சேர்கின்றனவா எனப் பார்ப்பர். பொறியே பரிசு தருவதில்லை. கடைக்காரர் பியர், சுருட்டு போன்றவற்றைத் தருவார். 52 சீட்டுகளில் இஸ்பேட் பத்தும் ஆட்டின் ஜாக்கும் பெரும்பாலும் நீக்கப்பட்டிருந்தன. இதனால் மிக உயர்ந்த சேர்க்கை அமையும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது.

பவேரியாவில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிய சார்லஸ் ஃபே என்னும் பொறிவினைஞர், 1890களில் லிபர்ட்டி பெல் என்னும் பொறியை உருவாக்கினார். ஐந்து உருளைகளை மூன்றாகக் குறைத்து, சீட்டுகளுக்குப் பதிலாகக் குதிரை லாடம், டைமன், இஸ்பேட், ஆட்டின், விடுதலை மணி ஆகிய ஐந்து குறிகளை மட்டும் அவர் பயன்படுத்தினார். சேர்க்கைகளின் எண்ணிக்கை குறைந்ததால், எந்தச் சேர்க்கை விழுந்தது என்பதைப் பொறியே உணர்ந்து காசாகப் பரிசு வழங்க முடிந்தது. மூன்று மணிகள் ஒரே வரிசையில் அமைந்தால் 50 சென்ட் கிடைக்கும். அதுவே மிகப்பெரிய பரிசு. சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில் ஃபேயின் பட்டறையை நினைவுகூரும் கல்வெட்டுத் தகடு ஒன்று உள்ளது.

1907 இல் சிக்காகோவைச் சேர்ந்த எர்பர்ட் மில்ஸ் ஆபரேட்டர் பெல் என்னும் பொறியை வெளியிட்டார். 1909 இல் சான் பிரான்சிஸ்கோ நகரமும் 1911 இல் கலிபோர்னியா மாநிலமும் இப்பொறிகளைத் தடை செய்தன. தடையைத் தவிர்ப்பதற்காக, பல பொறிகள் சூயிங்கம் விற்பனைப் பொறிகளைப் போல மாற்றப்பட்டன. சூயிங்கத்தின் சுவைகளைக் காட்டும் செர்ரி, எலுமிச்சை, ஆரஞ்சு, பிளம் ஆகிய பழப்படங்கள் அவ்வாறே உருளைகளில் இடம்பெற்றன. பழ இயந்திரம் என்னும் பெயர் இதிலிருந்து வந்தது. நெவாடா மாநிலம் 1931 இல் சூதாட்டத்தை மீண்டும் சட்டபூர்வமாக்கியபின், அங்குள்ள சூதாட்ட விடுதிகள் இப்பொறியின் முதன்மைச் சந்தையாயின.

பின்வந்த முக்கிய மாற்றங்கள்:

- 1963: பாலி நிறுவனம் மணி ஹனி என்னும் மின்பொறியை உருவாக்கியது. ஊழியர் உதவியின்றி 500 காசுகள் வரை தானாகவே கொட்டும் வசதி இதில் இருந்தது.
- 1976: லாஸ் வேகாஸ் நகரைச் சேர்ந்த ஃபார்ச்சூன் காயின் நிறுவனம், தொலைக்காட்சித் திரையில் உருளைகளைக் காட்டும் முதல் பொறியை அறிமுகப்படுத்தியது.
- 1984: நிறுத்தங்களைக் கணினி எண்களால் தெரிவுசெய்யும் முறைக்கு இங்கே டெல்னஸ் என்பவர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.
- 1986: ஐ.ஜி.டி. நிறுவனத்தின் மெகாபக்ஸ் வெளிவந்தது. பல விடுதிகளிலுள்ள பொறிகளை இணைத்து, ஒவ்வொரு பந்தயத்திலிருந்தும் ஒரு சிறு பகுதியைப் பொதுப் பரிசுக்குச் சேர்ப்பது இதன் முறை. 2003 மார்ச்சில் லாஸ் வேகாஸில் இதன் பரிசு சுமார் 3.97 கோடி டாலராக இருந்தது.
- 2000களில், காசுக்குப் பதிலாகப் பட்டைக்குறி அச்சிட்ட சீட்டைப் பெறும், தரும் பொறிகள் பரவின. இதன்பின் பெரும்பாலான பொறிகளில் காசு போடும் பிளவு மறைந்தது. பெயர் மட்டும் நிலைத்தது.

செயற்படும் முறை

சுருள்வில் பொறி

பழைய பொறியில் காசு விழும்போது கைப்பிடியின் பூட்டு விடுபடும். கைப்பிடியை இழுத்தால் சுருள்வில் இறுகி, பின் தளர்ந்து உருளைகளைச் சுழற்றிவிடும். ஒவ்வொரு உருளையின் பக்கத்திலும், விளிம்பில் வெட்டுகள் கொண்ட தகடு ஒன்று இருக்கும். கடிகாரம் போன்ற ஓர் அமைப்பு, நிறுத்துக் கொக்கிகளை இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக விடுவிக்கும். கொக்கி வெட்டில் விழுந்ததும் உருளை நிற்கும்.

அதன்பின் உலோக விரல்கள் தகடுகளை நோக்கி நகரும். வெற்றிக் குறிகளுக்கு நேராகத் தகடுகளில் துளைகள் அமைந்திருக்கும். மூன்று உருளைகளிலும் விரலுக்கு நேரே துளை அகப்பட்டால், காசுக் குழாயின் அடியிலுள்ள தட்டு நகர்ந்து உரிய எண்ணிக்கையிலான காசுகளை வெளியேற்றும். இத்தகைய பொறியில் கண்ணுக்குத் தெரிவதே உண்மையான வாய்ப்பாகும். உருளையில் 20 குறிகள் இருந்து, அவற்றில் ஒன்று மணியானால், அது நிற்பதற்கான நிகழ்தகவு 20 இல் 1 ஆகும்.

மின்னணுப் பொறி

இன்றைய பொறியின் நடுப்பகுதி, சமவாய்ப்பு எண் உருவாக்கி எனப்படும் நிரலாகும். இது யாரும் ஆடாத நேரத்திலும் ஓயாது எண்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும். ஆட்டக்காரர் பொத்தானை அழுத்தும் கணத்தில் கிடைக்கும் எண்களே முடிவாகும். ஓர் உருளைக்குக் கிடைத்த எண் 1234567 என்றும், அவ்வுருளைக்கு 64 நிலைகள் உள்ளன என்றும் கொண்டால், எண்ணை 64 ஆல் வகுக்க வரும் மீதி 7 ஆகும். 7 ஆவது நிலைக்கு எந்தக் குறி என்பதை நினைவகத்திலுள்ள அட்டவணை கூறும். அக்குறி முன்னே வந்து நிற்குமாறு மின்னோடி உருளையை நிறுத்தும்.

இவ்வாறு உருளைகள் சுழலத் தொடங்கும்போதே முடிவு உறுதியாகிவிடுகிறது. சுழற்சியின் வேகமோ, கைப்பிடியை இழுக்கும் விசையோ முடிவை மாற்றுவதில்லை. பல பொறிகளில் கைப்பிடி வெறும் மின்சாவியாகவே இருந்தது. பின்னர் அதுவும் கைவிடப்பட்டது.

மெய்நிகர் உருளை

கண்ணால் காணும் உருளையில் 22 நிறுத்தங்கள் இருந்தால், மூன்று உருளைகளில் அமையக்கூடிய சேர்க்கைகள் 10,648 மட்டுமே. ஆகவே மிகப்பெரிய பரிசை, அது 10,648 இல் ஒருமுறை விழும் என்னும் கணக்குக்கு மேல் உயர்த்த இயலாது. உருளையைப் பெரிதாக்கினால் ஆட்டக்காரர் ஐயுறுவர். டெல்னஸின் காப்புரிமை இச்சிக்கலுக்குத் தீர்வு தந்தது. நினைவகத்தில் 64 நிலைகள் கொண்ட கற்பனை உருளை ஒன்றை வைத்து, அவற்றை 22 நிறுத்தங்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதே அம்முறை. அப்போது மொத்தச் சேர்க்கைகள் 2,62,144 ஆகின்றன.

பங்கீடு சமமாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பரிசுக் குறிக்கு ஒரே ஒரு நிலையும், அதற்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்குப் பல நிலைகளும் ஒதுக்கப்படலாம். அதனால் பெரும்பரிசுக் குறி வெற்றிக் கோட்டுக்குச் சற்று மேலோ கீழோ நிற்பது அடிக்கடி நிகழும். ஆட்டக்காரருக்கு இது நூலிழையில் தவறியதாகத் தோன்றும். உண்மையில் அந்தத் தோல்விக்கும் வேறெந்தத் தோல்விக்கும் வேறுபாடு இல்லை.

திருப்பியளிப்பு விழுக்காடு

பந்தயமாகப் பெற்ற தொகையில் நெடுங்காலச் சராசரியாகப் பொறி திருப்பித் தரும் பங்கு திருப்பியளிப்பு விழுக்காடு எனப்படும். இதனைக் குறிகளின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, 20 நிறுத்தங்கள் கொண்ட மூன்று உருளைகளை எடுத்துக்கொண்டால், மொத்தச் சேர்க்கைகள் 8,000 ஆகும். ஒவ்வோர் உருளையிலும் 5 வெற்றிடங்களும் பின்வரும் குறிகளும் உள்ளன என்றும், ஒரு காசு பந்தயத்துக்கு மூன்றும் ஒன்றாக அமைந்தால் மட்டுமே பரிசு என்றும் கொள்வோம்.

- மணி: உருளைக்கு 1. சேர்க்கை 1. பரிசு 1,000 காசு. மொத்தம் 1,000.
- பட்டை: உருளைக்கு 2. சேர்க்கைகள் 8. பரிசு 150 காசு. மொத்தம் 1,200.
- பிளம்: உருளைக்கு 3. சேர்க்கைகள் 27. பரிசு 50 காசு. மொத்தம் 1,350.
- ஆரஞ்சு: உருளைக்கு 4. சேர்க்கைகள் 64. பரிசு 25 காசு. மொத்தம் 1,600.
- செர்ரி: உருளைக்கு 5. சேர்க்கைகள் 125. பரிசு 18 காசு. மொத்தம் 2,250.

8,000 காசு போட்டால் சராசரியாக 7,400 காசு திரும்பும். எனவே இப்பொறியின் திருப்பியளிப்பு 92.5 விழுக்காடு, விடுதியின் பங்கு 7.5 விழுக்காடு. வெற்றிச் சேர்க்கைகள் 225 மட்டுமே ஆதலால், ஏறத்தாழ 36 ஆட்டங்களுக்கு ஒன்றே வெல்லும். உண்மையான பொறிகளில் சிறு பரிசுகள் பல சேர்க்கப்பட்டு, வெற்றிகள் இதைவிட அடிக்கடி வருமாறு அமைக்கப்படுகின்றன.

92.5 விழுக்காடு என்பதற்கு, 100 காசுடன் வருபவர் 92 காசுடன் வீடு திரும்புவார் என்பது பொருளன்று. அவ்விழுக்காடு ஒவ்வொரு பந்தயத்துக்கும் உரியது. வென்ற காசையும் மீண்டும் போட்டுக்கொண்டே இருந்தால், 100 காசு ஒரு சுற்றில் சராசரியாக 92.5 ஆகவும், இரண்டாம் சுற்றில் 85.6 ஆகவும், பத்தாம் சுற்றில் 46 ஆகவும் குறையும். மணிக்கு 600 முறை ஆடுபவர் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 45 காசுகளை இழப்பார். ஆட்டத்தின் வேகம் கூடக்கூட இழப்பும் கூடும் என்பது இதனால் விளங்கும்.

சில ஆட்சிப்பகுதிகள் குறைந்தபட்ச விழுக்காட்டைச் சட்டத்தால் வரையறுத்துள்ளன. இது நெவாடாவில் 75 ஆகவும், நியூ ஜெர்சியில் 83 ஆகவும் உள்ளது.

தவறான நம்பிக்கைகள்

- "நெடுநேரம் தராத பொறி விரைவில் தரும்." சமவாய்ப்பு எண்களால் இயங்கும் பொறிக்கு முந்தைய ஆட்டங்களின் நினைவு இல்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் வாய்ப்பு ஒன்றே.
- "பெரும்பரிசு தந்த பொறி இனித் தராது." மேற்கூறிய காரணத்தால் இதுவும் தவறு. அடுத்த ஆட்டத்திலும் அதே வாய்ப்பு உண்டு.
- "நான் எழுந்தவுடன் அமர்ந்தவர் வென்றார், அது எனக்கு வரவேண்டியது." பொத்தானை அழுத்தும் கணத்தைப் பொறுத்து எண் மாறும். முதலாமவர் தொடர்ந்து ஆடியிருந்தாலும் அதே கணத்தில் அழுத்தியிருப்பார் எனக் கொள்ள இயலாது.
- "திரையைத் தொட்டு உருளையை நிறுத்தினால் வெல்லலாம்." பெரும்பாலான பொறிகளில் இது காட்சியை விரைவாக முடிக்குமே தவிர முடிவை மாற்றாது.

இவற்றுக்கு விதிவிலக்கான பொறிகளும் உள்ளன. பிரித்தானிய மதுக்கடைகளிலுள்ள சில பொறிகள், குறித்த விழுக்காட்டை எட்டும் வகையில் தம் போக்கைச் சரிசெய்துகொள்பவை. ஜப்பானின் பச்சிஸ்லாட் பொறிகளில், உருளைகளை நிறுத்தும் பொத்தான்களை அழுத்தும் நேரத்துக்கும் ஓரளவு பங்கு உண்டு.

உளவியல் தாக்கம்

எத்தனை முயற்சிக்கு ஒருமுறை பரிசு வரும் என்பது தெரியாதிருக்கும்போது, பழக்கம் எளிதில் விடாது என்பது நடத்தை உளவியலின் முக்கிய முடிபுகளுள் ஒன்றாகும். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் இதற்குச் சூதாட்டப் பொறிகளை எடுத்துக்காட்டாகக் கூறினார். நூலிழையில் தவறும் ஆட்டங்கள், வெற்றியின்போது இயங்கும் மூளைப் பகுதிகளையே தூண்டுகின்றன என 2009 இல் வெளியான கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

பல கோடுகளில் பந்தயம் கட்டும் திரைப் பொறிகளில் மற்றொரு விளைவும் காணப்படுகின்றது. 20 காசு பந்தயத்துக்கு 8 காசு திரும்பினால், 12 காசு நட்டமாகும். ஆயினும் பொறி விளக்கொளியுடனும் இசையுடனும் அதனை வெற்றியாகக் கொண்டாடும். இது வெற்றி வேடமிட்ட தோல்வி என ஆய்வாளர்களால் அழைக்கப்படுகின்றது.

மானிடவியலாளர் நடாஷா டவ் ஷல் லாஸ் வேகாஸில் ஆய்வு செய்து 2012 இல் வெளியிட்ட நூலில், தீவிர ஆட்டக்காரர்கள் பலர் வெல்வதற்காக அன்றி, பிறவற்றை மறந்து ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகின்றனர் எனக் காட்டினார். ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010 இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டுப் பொறிகளில் செலவாகும் பணத்தில் சுமார் 40 விழுக்காடு சூதாட்டச் சிக்கல் உள்ளோரிடமிருந்து வருவதாக மதிப்பிட்டது. சூதாட்டக் கோளாறை, 2013 இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கையேடு போதைப் பழக்கங்களுடன் ஒரே பிரிவில் சேர்த்தது. அதாவது, இது மன உறுதியின்மை மட்டுமன்று, மருத்துவ உதவி பெறக்கூடிய கோளாறு எனக் கொள்ளப்படுகின்றது.

மோசடிகள்

நூல் கட்டிய காசு, போலிக் காசு, காசு எண்ணும் உணரியை ஒளியால் ஏமாற்றும் கருவி போன்றவை பழைய பொறிகளில் கையாளப்பட்டன. மின்னணுப் பொறிகளில் நிரலே இலக்காயிற்று. நெவாடாவில் பொறிகளைச் சோதிக்கும் அரசுப் பணியில் இருந்த ரொனால்ட் டேல் ஹாரிஸ், குறித்த வரிசையில் காசு போட்டால் பரிசு தருமாறு சில பொறிகளின் நிரலை மாற்றியதற்காக 1990களில் தண்டிக்கப்பட்டார். 2014 இல் மிசூரி மாநிலத்தில் பிடிபட்ட குழுவொன்று, பழைய பொறிகளின் ஆட்டங்களைக் கைபேசியில் பதிவு செய்து, எண் உருவாக்கியின் அடுத்த எண்களைக் கணித்துப் பொத்தானை அழுத்தும் நேரத்தை அறிந்தது. கணினி நிரல் உருவாக்கும் சமவாய்ப்பு எண்கள் உண்மையில் ஒரு சூத்திரத்திலிருந்து பிறப்பவை என்பதே இது இயன்றதற்குக் காரணம்.

சட்ட நிலை

நார்வே 2007 சூலை 1 முதல் தனியார் ஸ்லாட் இயந்திரங்களைத் தடை செய்து, பின்னர் பதிவு அட்டையும் இழப்பு வரம்பும் கொண்ட அரசுப் பொறிகளை மட்டும் அனுமதித்தது. பிரித்தானியா, பந்தயக் கடைகளிலுள்ள ஒருவகைப் பொறிகளின் உச்சப் பந்தயத்தை 2019 ஏப்ரலில் 100 பவுண்டிலிருந்து 2 பவுண்டாகக் குறைத்தது. 2025 இல் இணையவழி ஸ்லாட் ஆட்டங்களுக்கும் 5 பவுண்டு வரம்பும், 18 முதல் 24 வயது வரை உள்ளோருக்கு 2 பவுண்டு வரம்பும் விதிக்கப்பட்டன. சிங்கப்பூரில் சூதாட்ட விடுதிகள் 2010 இல் திறக்கப்பட்டபோது, குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பாளருக்கும் நாளொன்றுக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் விதிக்கப்பட்டது. 2019 இல் இது 150 வெள்ளியாக உயர்த்தப்பட்டது.

இந்தியாவில் சூதாட்டம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கோவா, 1992 இல் தன் சட்டத்தைத் திருத்தி, ஐந்து நட்சத்திர விடுதிகளில் இப்பொறிகளை அனுமதித்தது. தமிழ்நாடு 2022 இல் இயற்றிய சட்டம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்கின்றது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மைய அரசின் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்தது. திரையில் சுழலும் ஸ்லாட் ஆட்டங்களும் இதனுள் அடங்கும்.

ஸ்லாட் என்னும் சொல்லின் பிற பொருள்கள்

ஆங்கிலத்தில் ஒரே எழுத்தமைப்புக் கொண்ட மூன்று வெவ்வேறு சொற்கள் உள்ளன. துளை என்னும் பொருளுடையது, மார்பெலும்பின் குழியைக் குறித்த பழம் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கதவின் தாழ்ப்பாளைக் குறிக்கும் மற்றொன்று டச்சு, செருமன் மொழிகளின் பூட்டு என்னும் சொல்லோடு உறவுடையது. மூன்றாவது மானின் குளம்புத் தடத்தைக் குறிக்கும். முதல் சொல்லே பின்வரும் துறைகளில் வழங்குகின்றது.

- தச்சு, பொறியியல்: மரத்திலோ உலோகத்திலோ வெட்டப்படும் நீள்பள்ளம். தமிழில் காடி எனப்படும்.
- கணினி: கூடுதல் மின்சுற்று அட்டைகளைப் பொருத்தும் செருகுவாய். 1981 இல் வெளியான ஐ.பி.எம். தனிக்கணினியில் இத்தகைய ஐந்து செருகுவாய்கள் இருந்தன.
- வானூர்தியியல்: இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி அமைக்கப்படும் இடைவெளி. குறைந்த வேகத்திலும் காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரியாதிருக்க உதவுகின்றது.
- வானூர்தி நிலையம்: விமானம் இறங்கவோ ஏறவோ ஒதுக்கப்படும் நேரம். நெரிசல் மிக்க நிலையங்களில், ஒதுக்கிய நேரங்களில் 80 விழுக்காட்டையேனும் பயன்படுத்தும் நிறுவனமே பொதுவாக அடுத்த ஆண்டும் அவற்றைத் தக்கவைக்கும்.
- தொலைத்தொடர்பு: ஒரே அலைவரிசையைப் பலர் பகிர்வதற்காகப் பிரிக்கப்படும் சிறு காலப்பகுதி. ஜி.எஸ்.எம். கைபேசி முறையில் ஒரு சட்டகத்துக்கு 8 பகுதிகள் உண்டு.
- ஒளிபரப்பு: நிகழ்ச்சிக்கு ஒதுக்கப்படும் நேரம்.

தமிழ்ப் பேச்சு வழக்கில் ஸ்லாட் என்பது பெரும்பாலும் முன்பதிவு நேரத்தையே குறிக்கின்றது. 2021 இல் கொரோனா தடுப்பூசிக்கு இணையத்தில் பதிவு செய்த காலத்தில் இச்சொல் மேலும் பரவலாயிற்று. துளை என்னும் முதற்பொருளிலிருந்து, ஒன்றைப் பொருத்துவதற்கு உரிய இடம், பின் ஒருவருக்கு உரிய நேரம் என இச்சொல் விரிந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

- சூதாட்டம்
- நிகழ்தகவு
- தானியங்கி விற்பனைப் பொறி
- சமவாய்ப்பு எண்கள்